பரமசிவம் தயிர்சாதம் சாப்பிடுகிறான்

மேற்கு கிட்வாய் நகர், புது தில்லி
26 மே 2024

அன்புள்ள ஜ்யோத்ஸ்னா,

உன் பூனைகள் இரண்டும் சௌக்கியம். "வேற எது எழுதினாலும் இதை முதல் வரியில எழுது, இல்லேன்னா மிச்சத்தை அவ படிக்க மாட்டா" என்று உன் அண்ணா சொன்னார். எழுதிவிட்டேன்.

நீ இமாச்சலில் சுரங்கப் பாதை வேலைக்குப் போன இடத்தில் டவரே கிடையாது, கேலாங் இறங்கி வந்தால்தான் போன், ரேஷன் வண்டியோடுதான் தபால் என்று அர்விந்த் சொன்னதும் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி தில்லி வந்த பிறகு நான் பேனா பிடிப்பது மளிகைச் சீட்டுக்கு மட்டும்தான். ஸ்ம்ருதி இப்போதுதான் தூங்கினாள். எழுந்தால் கடிதம் அந்த இடத்தில் நிற்கும்.

நீ சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அப்படியே நடக்கிறது. பரமசிவம் கிண்ணத்துத் தண்ணீரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. குளியலறை வாளி விளிம்பில் நின்று கையை நனைத்து நனைத்து நக்குகிறான். அர்விந்த் பேப்பரை விரித்தால், அவர் எந்தப் பத்தியைப் படிக்கிறாரோ அதன் மேல் போய்ப் படுக்கிறான். "எழுந்திருடா, டி.ஏ. நியூஸ்டா" என்று கெஞ்சுகிறார் மனுஷர். சாயங்காலம் ஆனால் ஃப்ரிட்ஜின் மேல் ஏறி, சாம்பல் பூசிய சாமியார் மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீ வைத்த பெயர் சரிதான். லீலாவதிக்கு இது வீடில்லை, லாட்ஜ். ஜன்னல் வழியாகப் போகிறாள், தோன்றினால் வருகிறாள், யாருக்கும் பதில் சொல்வதில்லை.

இனி எழுதப்போவதற்குக் கோபிக்காதே. ஸ்ம்ருதி தவழ ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் அவள் வாய் என்னவோ மெல்கிறது என்று விரலை விட்டு எடுத்தால், நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பூனைத் தீனி. மீனும் கோழியும் சேர்த்த உருண்டை. எட்டு மாதக் குழந்தையின் வாயில் அந்த வாசனை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டையில் சிக்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் படபடக்கிறது. பையை அப்படியே குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

இப்போது தயிர்சாதம். குழையப் பிசைந்து, உப்புப் போடாமல். பரமசிவம் முதலில் பட்டினி கிடந்து பார்த்தான், பிறகு வழிக்கு வந்துவிட்டான். அர்விந்துக்கு ஒரே வேடிக்கை. "பேருக்கு ஏத்தாப்ல ஆயிட்டான் பாரு, இனிமே பூணூல் ஒண்ணுதான் பாக்கி" என்கிறார். எங்கள் திருச்சித் தெருவில் வந்துபோகிற பூனையெல்லாம் தயிர்சாதம்தான் சாப்பிட்டது. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ கவலைப்படாதே.

அன்புடன்,
வைதேஹி


கேலாங்குக்கு மேலே, முகாம்
14 ஜூன் 2024

அன்புள்ள மன்னி,

என் தமிழ் லோதி எஸ்டேட் பள்ளியில் பத்தாவதோடு நின்றது. தப்பு இருந்தால் அண்ணாவிடம் காட்டாதீர்கள், ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவான்.

தயிர்சாத விஷயத்தை இங்கே எல்லோருக்கும் ஹிந்தியில் மொழிபெயர்த்தேன். எங்கள் சமையல்காரர் "பில்லி பகத் பன் கயீ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பூனை பக்தனாகிவிட்டதாம்.

மன்னி, நேராகச் சொல்கிறேன். உங்களிடம் கேட்பதற்கு முன்னால் என் தோழிகள் எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. ஒருத்திக்கு வீட்டுக்காரர், ஒருத்திக்கு அலர்ஜி, ஒருத்திக்கு நாய். நீங்கள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சரி என்றீர்கள். அதனால் நீங்கள் எதைப் போட்டாலும் சரிதான். எனக்கு இங்கே இரண்டு வருஷம். வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள். பரமசிவம் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன், தெருவில் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டான். லீலாவதி எங்கே விட்டாலும் எம்.பி. ஆகிவிடுவாள்.

கரண்ட் போனால் அவன் உங்களைத் தேடிக்கொண்டு வருவான். பயம் இல்லை. உங்களுக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

ஜ்யோ


கிட்வாய் நகர்
13 அக்டோபர் 2024

அன்புள்ள ஜ்யோத்ஸ்னா,

கொலு நேற்றோடு முடிந்தது. பொம்மைகளைத் துணியில் சுற்றிக்கொண்டே யோசித்தேன், உனக்கு எழுதி எத்தனை நாளாயிற்று என்று. ஸ்ம்ருதிக்கு ஆண்டுநிறைவு ஆயிற்று. எழுந்து நிற்கிறாள், நாலடி நடக்கிறாள், விழுகிறாள். ஒவ்வொரு தடவை விழும்போதும் எனக்குத்தான் அடி படுகிறது. தில்லிப் புகை ஆரம்பித்துவிட்டது. மார்புக்குள் பூனை கத்துகிற மாதிரி அவளுக்கு ஒரு சத்தம். நெபுலைசர் வாங்கி வைத்திருக்கிறோம்.

உன் பரமசிவத்துக்கு இந்த வருஷம் என்னவோ பிடிவாதம். போன வருஷம் உன் வீட்டுக் கொலுவில் படிகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து போவான், ஒரு பொம்மை அசையாது என்று நீதானே பெருமை அடிப்பாய். இந்தத் தடவை ஏறின உடனே செட்டியாரைத் தள்ளிவிட்டான், செட்டிச்சியும் போயிற்று. திட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கிறான். நீ இல்லாத கோபமோ என்னவோ.

ஃப்ரிட்ஜ் மேலும் ஏறுவதில்லை. ஏறப்போகிற மாதிரி பின்பக்கத்தை ஆட்டி ஆட்டித் தயாராகிறான், பிறகு யோசித்து உட்கார்ந்துவிடுகிறான். கூடத்தின் நடுவில் நடப்பதை விட்டுவிட்டான். சுவரை ஒட்டியே போகிறான், புது மருமகள் மாதிரி. ஆனால் கண் மட்டும் என்ன அழகு தெரியுமா. பட்டப்பகலிலும் முழுக் கறுப்பு, உள்ளே பச்சையாக ஒரு பளபளப்பு. வெற்றிலை பாக்குக்கு வந்த மாமிகள் எல்லோரும் அவன் கண்ணைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி அவனுக்கும் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள்.

லீலாவதி விஷயம் வேறு. சரஸ்வதி பூஜையன்று ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு வந்து கொலுவுக்கு எதிரே போட்டாள். மாடியில் புதிதாக வந்த வங்காளிக் குடும்பத்தின் உபயம். அன்றிலிருந்து வலைக்கதவைச் சாத்திவிட்டேன். இப்போது அவள் அவர்கள் வீட்டுப் பெண் மாதிரிதான். புறா பிடிக்கிறாள், மீன் தின்கிறாள், நம் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து முகம் துடைத்துக்கொள்கிறாள். பரமசிவம் தட்டு மாறாமல் தயிர்சாதம். வீட்டில் ஒருவராவது ஒழுங்காக இருக்கிறார்.

அன்புடன்,
வைதேஹி


முகாம்
3 நவம்பர் 2024

அன்புள்ள மன்னி,

ஸ்ம்ருதிக்கு என் முத்தம். மூச்சு இப்போது எப்படி இருக்கிறது?

பரமசிவத்துக்கு ஐந்து வயசுதான். ஃப்ரிட்ஜ் ஏறாமல் இருக்கிற வயசில்லை. இளைத்திருக்கிறானா? முடிந்தால் ஒரு தடவை டாக்டரிடம்... அச்சா, விடுங்கள். குழந்தையோடு உங்களுக்கு எங்கே நேரம். அண்ணாவிடம் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை என்பான், ஞாயிற்றுக்கிழமை தூங்குவான்.

வாரத்துக்கு ஒரு முட்டையாவது கொடுக்க முடியுமா என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன். அடுக்களைக்குள் முட்டை வராது என்று தெரியும். முடியாவிட்டால் பரவாயில்லை. பனி விழத் தொடங்கிவிட்டது.

ஜ்யோ


கிட்வாய் நகர்
8 டிசம்பர் 2024

ஜ்யோத்ஸ்னா,

உன் பூனை என் குழந்தையைப் பிறாண்டிவிட்டது. வலது கண்ணுக்குக் கீழே, ஒரு விரல் அகலம் மேலே போயிருந்தால் கண்.

ஹீட்டர் பக்கத்தில் படுத்திருந்தான். இவள் பின்னாலிருந்து தள்ளாடிப் போய்க் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். ரத்தம் கன்னத்தில் வழிகிறது, அவளுக்கு அழக்கூட மூச்சு வரவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரி, அங்கே வரிசை, வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி. ஊசி போடுகிறபோது என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே கத்தினாள். இன்னும் பாக்கி இருக்கிறது.

"அவ போய்க் கட்டிண்டா, அது பயந்துடுத்து. அதுக்கென்ன தெரியும்?" என்கிறார் உன் அண்ணா.

"உங்க தங்கையோட பூனைன்னா எல்லாமே நியாயம்தான்" என்றேன்.

"அரே, பூனையை விடு, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பரமசிவத்தைப் பின் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறேன். பழைய போர்வை போட்டிருக்கிறேன், சாதம் வைக்கிறேன். குளிர்தான், எனக்கும் தெரியும். குழந்தை இருக்கிற அறைக்குள் இனி அவன் வரக் கூடாது. பொங்கலுக்குள் யாரையாவது ஏற்பாடு செய்து இரண்டையும் அழைத்துப் போகச் சொல். இல்லாவிட்டால் நானே எங்காவது கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். இதை எழுத எனக்கும் பிடிக்கவில்லை.

வைதேஹி


கேலாங்
22 டிசம்பர் 2024

மன்னி,

போன் செய்வதற்காக இன்று கேலாங் இறங்கி வந்தேன். டாபாக்காரர் போனிலிருந்து உங்களுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அண்ணா போனும் அணைத்திருக்கிறது. வண்டி திரும்புகிறது, அதனால் இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

ஸ்ம்ருதி முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. மன்னித்துவிடுங்கள். ஆனால் பரமசிவம் யாரையும் பிறாண்டியதில்லை. நான் நகம் வெட்டும்போதுகூடக் கையை நீட்டிக்கொண்டு தூங்குகிறவன். அவள் வருவது அவனுக்குத் தெரியவில்லை. உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். சுவரை ஒட்டி நடக்கிறான், ஏறத் தயங்குகிறான், பொம்மையை இடிக்கிறான், பகலில் கண் முழுக்கக் கறுப்பு. மன்னி, பஞ்சு கொஞ்சம் உருட்டி, சத்தம் வராமல் அவன் மூக்குக்கு முன்னால் மேலிருந்து போடுங்கள். பார்வை இருந்தால் தலை கீழே போகும்.

அவனை உள்ளே எடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். குளியலறையில் வைத்துப் பூட்டினாலும் சரி. தில்லி டிசம்பரில் வெளியே வேண்டாம்.

ஜ்யோ


கிட்வாய் நகர்
5 ஜனவரி 2025

அன்புள்ள ஜ்யோத்ஸ்னா,

தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பெல்லாம் நீதான் என்று கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. குழந்தை தூங்குகிறபோது போனை ஊமையாக்கி வைப்பேன். அர்விந்த் அன்றைக்கு ஆபீஸ் வேலையாக விமானத்தில் இருந்திருக்கிறார்.

உன் கடிதம் வந்த அன்றே அவனை உள்ளே எடுத்தேன். குழந்தையின் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து உருட்டினேன். மூக்குக்கு நேரே போட்டேன். அசையவில்லை. மறுபடி போட்டேன். பஞ்சு அவன் மீசையில் பட்டபோது அதிர்ந்து பின்னால் போனான், சுவரில் இடித்துக்கொண்டான். அதே பஞ்சை ஸ்ம்ருதியின் முன்னால் போட்டேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரிடம் போனோம். ஹரியாணாக்காரர், வயசானவர். கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு முதல் கேள்வி, என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று. அர்விந்த்தான் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, "மேடம், யே பில்லி ஹை, பண்டிட்ஜி நஹீ" என்றார். இது பூனை, சாஸ்திரிகள் இல்லையாம். பக்கத்தில் நாயோடு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மாமிசத்தில் மட்டும் இருக்கிற ஒரு சத்தாம். நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனை உடம்புக்குச் செய்யத் தெரியாது. பாலும் சாதமும் மட்டும் போட்டால் முதலில் கண்ணின் உள்திரை தேயும், பிறகு இதயம் தளரும். கண் போனது போனதுதான், திரும்பாது என்றார். இதயம் வீங்கியிருக்கிறது. தூள் மருந்து, மாத்திரை, மாமிசம் எல்லாம் கொடுத்தால் கொஞ்சம் பிடித்து நிறுத்தலாம், உறுதி இல்லை.

"இன்னொண்ணு இருக்கு, டாக்டர். அதுவும் இதேதான் சாப்பிட்டது" என்றேன்.

வெளியே போகுமா என்று கேட்டார். புறா பிடிக்கும், மாடி வீட்டில் மீன் தின்னும் என்றேன். அப்படியானால் அதற்கு ஒன்றும் இல்லை என்றார். எங்கள் திருச்சித் தெருப் பூனைகளும் தயிர்சாதத்துக்கு மேலே எலி தின்றிருக்கும். அது எனக்குத் தோன்றவே இல்லை. கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியவள் பிழைத்துவிட்டாள். மடியில் வைத்துக் கொண்டாடினவனுக்கு இப்படி ஆயிற்று.

எங்காவது கொண்டுபோய் விடுவேன் என்று எழுதியிருந்தேனே, அந்த வரியைக் கிழித்துவிடு.

வைதேஹி


முகாம்
19 ஜனவரி 2025

மன்னி,

நீங்கள் எம்.எஸ்ஸி. படித்தவர். குழந்தை தும்மினால் மூன்று டாக்டரைக் கேட்கிறவர். அவளுக்குக் கொடுக்கிற கஞ்சிமாவின் அட்டையை உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பீர்கள், நான் பார்த்திருக்கிறேன். ஒரு மிருகத்தின் சாப்பாட்டை மாற்றும்போது அது என்ன மிருகம் என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

மாதக்கணக்காக ஒரு ஜீவன் உங்கள் கண்ணெதிரே குருடாகிக்கொண்டிருந்தது. நீங்கள் அதை அழகு என்று எழுதினீர்கள். குங்குமம் வைக்க விட்டீர்கள்.

உங்களுக்குப் பார்க்கத் தெரியாது. உங்கள் பெண்ணையாவது சரியாகப் பாருங்கள்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். பஸ், போதும்.

ஜ்யோத்ஸ்னா


கிட்வாய் நகர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜ்யோத்ஸ்னா,

வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, உன்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.

உன் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரி. அதைப் படித்த நாளிலிருந்து ஸ்ம்ருதி தூங்கும்போது இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நேற்று அர்விந்த் பார்த்துவிட்டார். என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். நீ அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுத மாட்டேன்.

பின் பால்கனியில் ஒரு மின்னடுப்பு வைத்திருக்கிறோம். மாடி வீட்டு அம்மாள் மீனைச் சுத்தம் செய்து கொடுக்கிறார், நான் வேகவைக்கிறேன். முதல் நாள் வாந்தி எடுத்தேன். இப்போது பழகிவிட்டது. முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்கிறேன். மீன் வாசனை வந்தால் அவனுக்கு முகம் மாறும், அந்த ஒரு நிமிஷம் பழைய பரமசிவம். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். மிச்சத்தை லீலாவதி தின்கிறாள். கதவைத் திறந்துவிட்டேன், அவளும் சண்டை பிடிக்காமல் அவன் முதுகில் முதுகு வைத்துப் படுக்கிறாள்.

நாற்காலி, பிரம்பு மோடா எதையும் இடம் மாற்றுவதில்லை. ஸ்ம்ருதிதான் பிளாஸ்டிக் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறாள். அவன் போய் இடிக்கிறான். இடித்தால் கோபமில்லை. அப்படியே நின்று, இது எப்போது வந்தது என்று யோசிக்கிறான்.

நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. ஊசி போட்டு இறக்கினார்கள், மறுபடி கோத்துக்கொண்டது. வாயைத் திறந்து மூச்சு விடுகிறான். டாக்டர் இரண்டாவது தடவையாகச் சொல்லிவிட்டார், இழுக்க விடாமல் ஒரு ஊசியில் முடித்துவிடலாம் என்று. அர்விந்த் "நீயே சொல்லு, என்னால முடியாது" என்று அழுதார். ஜ்யோத்ஸ்னா, அவன் உன் பூனை. நான் ஏற்கெனவே ஒரு தடவை உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன். இந்தத் தடவை நீ சொல்லாமல் செய்யக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். எந்த வழியிலாவது ஒரு வார்த்தை அனுப்பு. என் போன் இப்போது ஊமையில் இல்லை.

வைதேஹி


கிட்வாய் நகர்
11 பிப்ரவரி 2025

ஜ்யோத்ஸ்னா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பனிச்சரிவில் சாலை மூடிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். கோபத்தால் இல்லை, வழியில்லாமல்தான் நீ பேசாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் அவனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. முன்கால் இரண்டையும் அகல வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூக்கம் வந்து தலை சாயும், திடுக்கிட்டு நிமிர்வான். நாக்கு நீலமாகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தாடைக்கு அடியில் கொடுத்தேன், அதில் தலையை வைத்துக்கொண்டான். கையை எடுக்க முடியவில்லை. ஸ்ம்ருதி எழுந்து அழுதாள். அவளை அர்விந்த் பார்த்துக்கொண்டார்.

பத்து மணிக்கு நான்தான் சொன்னேன், போகலாம் என்று. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டேன். டாக்டர் வெளியே நிற்கிறீர்களா என்றார், மாட்டேன் என்றேன். சீக்கிரம் முடிந்துவிட்டது. இழுக்கவில்லை. மூடாத கண்ணை நான் மூடப் பார்த்தேன், மூடவில்லை.

குடியிருப்புக்குப் பின்னால் சுவர் ஓரமாகப் புதைத்தோம். நாய் தோண்டாமல் இருக்க அர்விந்த் செங்கல் அடுக்கினார்.

உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். அவன் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டு உன் பதிலுக்குக் காத்திருந்தால், அது உனக்காக இருந்திருக்காது. உன் கோபத்துக்குப் பயந்து எனக்காகச் செய்ததாக இருந்திருக்கும். நீ வந்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வைதேஹி


முகாம்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள மன்னி,

உங்கள் பிப்ரவரி 2 கடிதம் இன்றைக்கு வந்த ஹெலிகாப்டரில்தான் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு எழுதியிருந்தால் கீழே எங்கோ மூட்டையில் கிடக்கும். சாலை மூடியிருக்கிறது. எங்கள் ஆள் ஒருவருக்குக் கால் நசுங்கி அதே ஹெலிகாப்டரில் குல்லு கொண்டுபோகிறார்கள், இதை அவர் ஸ்ட்ரெச்சரில் செருகி அனுப்புகிறேன். யாராவது தபால்பெட்டியில் போடுவார்கள்.

ஊசி வேண்டாம் மன்னி. நான் வரும்வரை வேண்டாம். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், சாலை திறந்த அன்றைக்கே முதல் வண்டியில் கிளம்புகிறேன். மீனை இன்னும் மசித்து, வெந்த தண்ணீரோடு நாக்கில் தடவிவிடுங்கள். தலை உயரமாக இருக்கும்படி தலையணை வையுங்கள். அவன் முரடன், தாங்குவான்.

நான் எழுதினதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. தயிர்சாதம் என்று நீங்கள் எழுதினபோது நான் சிரித்தேன். முட்டை என்று எழுதி அடித்தேன். ஏன் அழுத்திச் சொல்லவில்லை? சொன்னால் நீங்கள் பூனையை வேண்டாம் என்றுவிடுவீர்களோ என்று பயம். நீங்கள் குழந்தைக்குப் பயந்தீர்கள், நான் உங்களுக்குப் பயந்தேன். நடுவில் அவன் மாட்டிக்கொண்டான். டார்ச்சை எடுக்காதீர்கள் மன்னி. ஸ்ம்ருதியை நீங்கள் நன்றாகத்தான் பார்க்கிறீர்கள். உங்கள் கையில் மீன் முள் என்று படித்ததும் எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது.

நான் வருகிற அன்று கதவைத் திறந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அண்ணாவையும் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். நான் சத்தமில்லாமல் வந்து கூடத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி. அவனே என்னைக் கண்டுபிடித்து வரட்டும்.

உங்கள்,
ஜ்யோ